ஒரு பென்னிக் கதைகளும் ஃபாரஸ்ட் கேட் வட்டாரமும்

இளம் வாசகர்களுக்கான கொலைக் கதை, கொள்ளைக் கதை, பேய்க் கதை எல்லாம் அவர்கள் மனத்தைக் கெடுக்கின்றனவா என்ற வாதம் இங்கிலாந்தில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக நடந்துவருகிறது. அது மிகக் கொதிப்போடு எழுந்த ஆண்டுகளில் ஒன்று 1895. எழுந்த இடம், அன்று லண்டனின் கிழக்கு எல்லையை ஒட்டியிருந்த வெஸ்ட் ஹாம் நகராட்சி. இன்று நியூஹாம் பகுதியில் அடங்கும் ஃபாரஸ்ட் கேட் அந்த நகராட்சியின் வடபாகம். அங்கிருந்து தெற்கே மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் உள்ள பிளாஸ்டோவில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாயைக் கொன்றான். அவன் வீட்டில் கிடைத்த மலிவுக் கதைத்தாள்கள் நாடெங்கும் பேச்சாயின. அந்த வழக்கும், அதற்கு முன்னும் பின்னும் நடந்தவையும், இருண்ட கதைகளைக் கண்டு பெரியவர்கள் கொள்ளும் அச்சம் எங்கிருந்து வருகிறது, எங்கே தவறுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

காட்டு வாயிலில் எழுந்த புறநகர்

எப்பிங் காட்டின் தென்முனை வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் என்னும் புல்வெளி. அங்கே மேயும் மாடுகள் நெடுஞ்சாலைக்கு வந்துவிடாமல் தடுக்கப் போட்டிருந்த கதவே ஃபாரஸ்ட் கேட் என்ற ஊர்ப்பெயருக்குக் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி வரை இது பெரும்பாலும் வயலும் தோட்டமுமாக இருந்தது. ரயில் வசதி பெருகியதும் நிலைமை மாறியது. 1877 முதல் 1892 வரை கார்பெட் குடும்பத்தார் கட்டிய வுட்கிரேஞ்ச் குடியிருப்பில், லண்டன் மாநகரின் அலுவலகங்களுக்கு நாள்தோறும் ரயிலேறிப் போகும் குமாஸ்தாக்களும் சிறு வணிகர்களும் குடியேறினார்கள். தெற்கே பிளாஸ்டோ, கேனிங் டவுன் பகுதிகளில் கப்பல் துறைகளையும் இரும்பாலைகளையும் எரிவாயு ஆலையையும் நம்பிய தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. 1891-இல் வெஸ்ட் ஹாமின் மக்கள்தொகை 2 லட்சத்தைத் தாண்டியது. 1901-இல் அது 2 லட்சத்து 67 ஆயிரம் ஆனது.

வந்து சேர்ந்தவர்களில் குழந்தைகள் ஏராளம். 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தேவைப்பட்ட ஊர்களில் பள்ளி வாரியங்கள் அமைய வழிசெய்தது. 1880-இல் பள்ளிக்குப் போவது கட்டாயமாயிற்று. 1891-க்குப் பிறகு பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் கட்டணமும் இல்லை. ஒரு தலைமுறைக்குள் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆனார்கள். பள்ளி அவர்களுக்கு வாசிப்பைக் கற்றுத் தந்தது. வாசிக்கப் புத்தகம் தரவில்லை. மூன்று பாகங்களாக வந்த ஒரு புது நாவலின் விலை அப்போது 31 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்று கணக்கிட்டால் 378 பென்ஸ். ஒரு பென்னி மட்டும் கையில் வைத்திருக்கும் சிறுவனுக்கு அந்த நாவல் எட்டாத உயரம். அவனுக்கு எட்டியது தெருமுனைக் கடையில் தொங்கிய கதைத்தாள்.

கதைத்தாள் எப்படி இருந்தது

'பென்னி டிரெட்ஃபுல்' என்று ஏளனமாகப் பெயரிடப்பட்ட இந்தத் தாள்கள் 1830-களிலும் 40-களிலும் பெரியவர்களுக்காகவே தொடங்கப்பட்டவை. வாரம் ஒரு பகுதி, எட்டுப் பக்கம், முகப்பில் மரத்தில் செதுக்கி அச்சிட்ட படம், விலை ஒரு பென்னி. படத்தில் பெரும்பாலும் ஓங்கிய கத்தியோ, மயங்கி விழும் பெண்ணோ, நிலவறையோ இருக்கும். பொடி எழுத்தில் இரு பத்திகளாகக் கதை ஓடும். இடம் தீர்ந்ததும், சில வேளை வாக்கியத்தின் நடுவிலேயே, பகுதி முடிந்துவிடும். அடுத்த வாரம் வாங்கினால்தான் மிச்சம் தெரியும். எட்வர்ட் லாயிட் என்ற பதிப்பாளர் இதில் முன்னோடி. முடிதிருத்த வருகிறவர்களைக் கொல்லும் ஸ்வீனி டாட் 1846-இல் அவருடைய வார இதழில்தான் முதலில் தோன்றினான். ரத்தக்காட்டேரி வார்னியின் கதையும் அவர் வெளியிட்டதே.

1860-களில் காகித வரி நீங்கியதும் அச்சு இன்னும் மலிந்தது. பதிப்பாளர்கள் சிறுவர்களை நோக்கித் திரும்பினார்கள். எட்வின் பிரெட் 1866-இல் 'பாய்ஸ் ஆஃப் இங்லண்ட்' இதழைத் தொடங்கினார். அதே காலத்தில் வந்த 'வைல்ட் பாய்ஸ் ஆஃப் லண்டன்' என்னும் தொடர், சாக்கடைகளில் வாழும் அநாதைச் சிறுவர்களின் கதை. பிணத் திருட்டும் கொலையும் சவுக்கடியும் அதில் நிறைந்திருந்தன. 1870-களில் அது மறுபதிப்பாக வந்தபோது, ஒழுக்கக்கேட்டை ஒடுக்கவென்று அமைந்த சங்கம் புகார் கொடுக்க, காவல் துறை தலையிட்டு விற்பனையை நிறுத்தியது. பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த செவ்விந்தியர் கதைகளும், பஃபலோ பில் கதைகளும், விந்தை இயந்திரங்கள் செய்யும் சிறுவர்களின் கதைகளும் சந்தையை நிரப்பின.

இவை புத்தகக் கடையில் விற்கவில்லை. புகையிலை, மிட்டாய், செய்தித்தாள் விற்கும் சின்னக் கடைகளின் ஜன்னலில் தொங்கின. சிறுவர்கள் காசு சேர்த்து ஒன்றை வாங்கி, கைமாற்றி, கிழியும் வரை படித்தார்கள். படித்தவன் படிக்காதவனுக்கு வாசித்துக் காட்டினான். ஒரு தாளுக்கு எத்தனை வாசகர்கள் என்று பதிப்பாளருக்கே தெரியாது.

கொள்ளையன் நாயகன் ஆன கதை

இந்தக் கதைகளைப் பற்றிய நியாயமான கவலை ஒன்றும் உண்டு. குற்றவாளியை அவை நாயகனாக்கின. அதற்கு மிகச் சிறந்த உதாரணம் ஃபாரஸ்ட் கேட்டை ஒட்டிய காட்டிலேயே கிடைக்கிறது. 1860-களில் 254 பகுதிகளாக வந்த 'பிளாக் பெஸ்' தொடரின் நாயகன் டிக் டர்பின். கதையில் அவன் அழகன், பெண்களிடம் மரியாதை காட்டுபவன், தன் கறுப்புக் குதிரையை உயிராய் நேசிப்பவன். உண்மையில் எப்பிங் காட்டைச் சுற்றித் திரிந்த எசெக்ஸ் கும்பலில் ஒருவன். தனித்த பண்ணை வீடுகளுக்குள் புகுந்து, முதியவர்களைச் சித்திரவதை செய்து பணம் இருக்கும் இடத்தைக் கேட்பது அந்தக் கும்பலின் வழக்கம். 1735 பிப்ரவரியில் லௌட்டனில் ஒரு கைம்பெண்ணின் வீட்டில் நடந்த கொள்ளை அப்படிப்பட்டது. 1737 மே மாதத்தில் தன்னைப் பிடிக்க வந்த தாமஸ் மாரிஸ் என்ற காட்டுக் காவலர் வீட்டு ஊழியரை டர்பின் அந்தக் காட்டிலேயே சுட்டுக் கொன்றான். 1739-இல் யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டான். இத்தகைய ஒருவனை வீரனாகக் காட்டும் கதையைச் சிறுவர்கள் விழுந்து விழுந்து படித்தால் பெற்றோர் முகம் சுளிப்பது இயல்புதான்.

கதைதான் கொலையைத் தூண்டியது என்ற குற்றச்சாட்டு அதற்கு முன்பே எழுந்திருந்தது. 1839-இல் வில்லியம் ஹாரிசன் ஐன்ஸ்வொர்த் 'ஜாக் ஷெப்பர்ட்' என்ற நாவலை எழுதினார். சிறை உடைத்துத் தப்புவதில் பேர்போன, 1724-இல் தூக்கிலேறிய திருடன் ஒருவனின் கதை அது. 1840-இல் வில்லியம் ரஸ்ஸல் பிரபுவை அவருடைய பணியாள் குர்வாசியே கழுத்தறுத்துக் கொன்றார். அந்த நாவல்தான் அவருக்கு எண்ணத்தைத் தந்தது என்று செய்தி பரவியது, ஐன்ஸ்வொர்த் மறுத்தார். நாவலைத் தழுவிய புதிய நாடகங்களுக்குப் பல ஆண்டுகள் உரிமம் கிடைக்கவில்லை. பேசப்பட்டது கனவான்கள் படித்த நாவலானாலும், கவலை முழுவதும் அதன் மலிவு மேடை வடிவங்களைப் பார்க்கும் ஏழை இளைஞர்களைப் பற்றியே இருந்தது. பின்னாளில் வெஸ்ட் ஹாமிலும் இதே போக்கு திரும்பியது.

1895: கேவ் ரோடு வழக்கு

பிளாஸ்டோவின் கேவ் ரோட்டில் 35-ஆம் எண் வீடு கூம்ஸ் குடும்பத்தினுடையது. தந்தை நியூயார்க் செல்லும் கப்பலில் தலைமைப் பணியாளர். மாதத்தில் பெரும்பகுதி கடலில் இருப்பவர். வீட்டில் தாய் எமிலி, பதின்மூன்று வயது ராபர்ட், பன்னிரண்டு வயது நதானியேல். ராபர்ட் பள்ளியில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். பள்ளிப் படிப்பை முடித்துச் சில நாள் தேம்ஸ் இரும்பாலையில் வேலை செய்திருந்தான். 1895 ஜூலை 8-ஆம் தேதி அதிகாலையில், உறங்கிக்கொண்டிருந்த தாயை அவன் கத்தியால் குத்திக் கொன்றான். அன்றே இரு சிறுவர்களும் லார்ட்ஸ் மைதானத்துக்குப் போய் கிரிக்கெட் பார்த்தார்கள். அம்மா ஊருக்குப் போயிருப்பதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். வீட்டுப் பொருள்களை அடகு வைத்துச் சாப்பிட்டார்கள். குடும்பத்துக்குப் பழக்கமான ஜான் ஃபாக்ஸ் என்ற மந்தபுத்திக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள். கதவு மூடிய மாடி அறையில் கோடைக்கால வெப்பத்தில் உடல் கிடந்தது. ஜூலை 17-ஆம் தேதி அத்தை வந்து பிடிவாதமாக அறையைத் திறக்கச் செய்தபோது உண்மை வெளிவந்தது.

தாய் தம்பியை அடித்தார் என்பதும், தம்பியின் சைகைக்குப் பிறகே தான் குத்தினான் என்பதும் ராபர்ட் சொன்ன காரணங்கள். ஆனால் காவலர்கள் வீட்டில் கண்டெடுத்த கதைத்தாள்களே பத்திரிகைகளின் கண்ணில் முதலில் பட்டன. 'ஜாக் ரைட்டும் செங்கடல் புதையல் வேட்டைக்காரர்களும்' போன்ற தலைப்புகள் பட்டியலாகச் செய்தித்தாள்களில் வந்தன. அவற்றில் பல அமெரிக்க சாகசக் கதைகள். தாயைக் கொல்லும் மகனைப் பற்றிய கதைகள் அல்ல. மரண விசாரணை நடத்திய ஜூரி ராபர்ட் மீது கொலைக் குற்றம் சாட்டியதோடு நிற்கவில்லை. இளைஞர் கையில் விற்கப்படும் இத்தகைய இலக்கியம் பல கொடிய குற்றங்களுக்குக் காரணம் என்றும், அதை நிறுத்த நாடாளுமன்றம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் தன் தீர்ப்போடு ஒரு குறிப்பைச் சேர்த்தது. ஒரு வட்டார ஜூரி, ஒரு வகை இலக்கியத்துக்கு எதிராகச் சட்டம் கேட்டது.

செப்டம்பரில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நடந்த விசாரணை வேறு பாதையில் சென்றது. நதானியேல் விடுவிக்கப்பட்டு அரசுத் தரப்புச் சாட்சியானான். மருத்துவர்கள் ராபர்ட்டின் கடும் தலைவலிகளையும், பிறப்பின்போது ஆயுதம் பட்டுத் தலையில் ஏற்பட்ட தழும்பையும், கிளர்ச்சியும் குரல்கள் கேட்பதும் மாறி மாறி வந்ததையும் எடுத்துரைத்தார்கள். அவன் குற்றம் செய்தவன், ஆனால் சித்தசுவாதீனம் இல்லாதவன் என்று ஜூரி முடிவு செய்தது. ஃபாக்ஸ் விடுதலையானார். கதைத்தாள்கள் வாதத்தில் பேசப்பட்டாலும் தீர்ப்பு நின்றது நோயின் மீதுதான்.

ராபர்ட்டின் பிற்கால வாழ்க்கையும் இந்த வாதத்துக்கு வேண்டிய சான்று. பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் பதினேழு ஆண்டுகள் இருந்தான். அங்கே தையல் கற்றான், இசைக்குழுவில் வாசித்தான், நூலகத்தில் புத்தகங்கள் கிடைத்தன. 1912-இல் விடுதலையாகி, பிறகு ஆஸ்திரேலியா சென்றான். முதல் உலகப் போரில் கலிப்போலியில் குண்டு மழைக்கு நடுவே காயம்பட்டவர்களைச் சுமந்து வந்த ஸ்ட்ரெச்சர் வீரனாகப் பணியாற்றி ராணுவப் பதக்கம் பெற்றான். நியூ சவுத் வேல்ஸில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்தபோது, பக்கத்தில் மாற்றாந்தந்தையிடம் அடிபட்ட ஒரு சிறுவனுக்கு அடைக்கலம் கொடுத்து வளர்த்தான். 1949-இல் இறந்தான். கேட் சம்மர்ஸ்கேல் 2016-இல் வெளியிட்ட 'தி விக்கெட் பாய்' என்ற நூல் இந்த வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து மீட்டெடுத்தது. மலிவுக் கதைகள் ஒருவனை நிரந்தரமாகக் கெடுத்துவிடும் என்ற 1895-ஆம் ஆண்டு நம்பிக்கைக்கு இந்த வாழ்க்கை நேர் எதிரானது.

பொதுமக்கள் சொன்னவை

வழக்கைப் பற்றிய எதிர்வினைகள் மூன்று வகை. முதல் வகையினர் தடை கேட்டார்கள். ஆசிரியர்கள், பாதிரிமார்கள், நீதிபதிகள் பலரும் இதில் அடக்கம். கட்டாயக் கல்வி ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிப்பைத் தந்து விபரீதத்தை வரவழைத்துவிட்டது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். திருடிப் பிடிபட்ட சிறுவர்களின் பையில் கதைத்தாள் இருந்ததா என்று பார்ப்பது நீதிமன்றங்களில் வாடிக்கையாகியிருந்தது. கதைத்தாள் இல்லாத பை அந்தக் காலத்தில் அபூர்வம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டாம் வகையினர் மாற்று இலக்கியம் தர முயன்றார்கள். சமயத் துண்டுநூல் சங்கம் 1879-இலேயே 'பாய்ஸ் ஓன் பேப்பர்' இதழைத் தொடங்கியிருந்தது. 1893-இல் ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த் 'ஹாஃப்பென்னி மார்வெல்' என்ற அரைப் பென்னி இதழைக் கொண்டுவந்தார். கெட்ட கதைகளை விரட்டுவதே அதன் நோக்கம் என்று விளம்பரம் செய்தார். துப்பறிவாளன் செக்ஸ்டன் பிளேக் அந்த ஆண்டு டிசம்பரில் அதில்தான் பிறந்தான். இதழில் கொலையும் துரத்தலும் குறையவில்லை. இறுதியில் சட்டம் வெல்லும், பேரரசின் கொடி உயரும் என்ற அளவில் மாற்றம் இருந்தது. பழைய தாள்களின் விற்பனையைச் சரித்தது அறநெறியைவிட அரைப் பென்னி விலைதான்.

மூன்றாம் வகையினர் கதைகளுக்காகப் பரிந்து பேசினார்கள். ஜி. கே. செஸ்டர்டன் 1901-இல் எழுதிய கட்டுரையில், இந்தக் கதைகள் இலக்கியத் தரம் குறைந்தவையாக இருந்தாலும் வீரம், விசுவாசம், எளியோரைக் காத்தல் போன்ற பழைய அறங்களையே போற்றுகின்றன என்று வாதிட்டார். படித்தவர்கள் கொண்டாடிய நாகரிக நாவல்களில் அந்த அறங்கள் இருக்கின்றனவா என்றும் கேட்டார். அவருடைய வாதத்தில் கவனிக்க வேண்டியது அந்த வர்க்க வேறுபாடு. கடைப்பையன் படித்தால் ஆபத்து, கனவான் வீட்டுப் பையன் படித்தால் பொழுதுபோக்கு என்ற அளவுகோல் அன்று எங்கும் செல்லுபடியானது.

வாசகர்களான சிறுவர்களை யாரும் அதிகம் கேட்கவில்லை. கேட்ட ஒரு முயற்சியின் முடிவுகளை எட்வர்ட் சாமன் 1888-இல் தம் நூலில் வெளியிட்டார். சார்லஸ் வெல்ஷ் என்பவர் பள்ளி மாணவர்களிடம் விருப்ப நூல்களைப் பற்றிக் கேட்டுத் திரட்டிய பதில்கள் அவை. ஆண் பிள்ளைகளுக்குப் பிடித்த எழுத்தாளர் வரிசையில் முதலில் வந்தவர் டிக்கன்ஸ். கொலையும் வறுமையும் சிறையும் டிக்கன்ஸிடமும் ஏராளம்.

உண்மையான இருட்டு

கதைத்தாள்களைப் பற்றி இவ்வளவு பேசிய காலத்தில் இந்த வட்டாரப் பிள்ளைகள் நேரில் கண்டது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். ஃபாரஸ்ட் லேனில் ஒயிட்சாப்பல், பாப்லர் பகுதிகளின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடந்த பெரிய ஏழைப் பள்ளி இருந்தது. 1890 புத்தாண்டு பிறந்த இரவில், அங்கே சிறுவர்கள் உறங்கிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அடுப்பிலிருந்து தீப்பற்றியது. படுக்கை அறைக் கதவுகள் பூட்டியிருந்தன. புகை மாடிக்கு ஏறி 26 சிறுவர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். 1893-இல் அதே பள்ளியில் கெட்ட இறைச்சி தின்று பல பிள்ளைகள் நோயுற்றார்கள், சிலர் உயிரிழந்தார்கள்.

பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருந்த ஹென்ரியட்டா பார்னெட் இவற்றைக் கண்டு, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கட்டடத்தில் அடைத்து வளர்க்கும் முறையையே எதிர்த்தார். 1896-இல் அரசு ஆதரவுப் பிள்ளைகளுக்கான சங்கம் ஒன்று அமையக் காரணமாக இருந்தார். பிள்ளைகளின் நலனுக்கு நீடித்த பயன் தந்தது இத்தகைய உழைப்பு. ஒரு தாளில் அச்சிட்ட பேய்க்கு அஞ்சிய சமூகம், பூட்டிய படுக்கை அறைக்கு முன்கூட்டியே அஞ்சியிருந்தால் 26 பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள்.

நூலகம் தந்த பதில்

தடைச் சட்டம் வரவில்லை. நூலகங்கள் வந்தன. வெஸ்ட் ஹாம் நகராட்சி 1893-இல் கேனிங் டவுனிலும் 1898-இல் ஸ்ட்ராட்ஃபோர்டிலும் பொது நூலகங்களைத் திறந்தது. நகராட்சியின் நூலகரான ஆல்ஃபிரட் காட்கிரீவ் நூலக உலகில் பெயர் பெற்றவர். அவர் வடிவமைத்த 'இண்டிகேட்டர்' என்னும் பலகை பிரிட்டனின் பல நூலகங்களில் இருந்தது. சுவர் போல உயர்ந்த மரச்சட்டத்தில் நூற்றுக்கணக்கான சிறு தகடுகள் செருகியிருக்கும்; ஒவ்வொன்றும் ஒரு புத்தகத்தின் எண். தகட்டின் ஒரு முனை ஒரு நிறம், மறுமுனை வேறு நிறம். நிறத்தைப் பார்த்தால் புத்தகம் உள்ளே இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்று தெரியும். வாசகர் அட்டவணையில் எண்ணைத் தேடி, பலகையில் நிறம் பார்த்து, மேசைக்கு அப்பால் நிற்கும் ஊழியரிடம் கேட்க வேண்டும். அலமாரியைத் தொட முடியாது.

நிர்வாகத்துக்கு இது வசதியான ஏற்பாடு. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கோ இது ஒரு தடுப்புச் சுவர். மிட்டாய்க் கடை ஜன்னலில் வண்ண முகப்பு அவனை அழைத்தது; நூலகத்தில் ஓர் எண் எதிர்கொண்டது. அலமாரிகளைத் திறந்துவிடும் முறை பரவி, குழந்தைகளுக்குத் தனி அறைகள் வந்த இருபதாம் நூற்றாண்டில்தான் நூலகம் கடையோடு போட்டி போட முடிந்தது.

சென்னையில் கேட்ட அதே குரல்

இந்த வாதம் தமிழ் வாசகர்களுக்கும் அந்நியமானதல்ல. லண்டன் பென்னி இதழ் உலகில் கொடிகட்டிப் பறந்த ஜி. டபிள்யூ. எம். ரெய்னால்ட்ஸ் இந்தியாவில் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றவர். அவருடைய நாவல்களை ஆரணி குப்புசாமி முதலியார் தமிழில் தழுவி எழுதினார். 1915-இல் தொடங்கிய 'ஆனந்தபோதினி' இதழ் இத்தகைய தொடர்களுக்கு வீடு வீடாக வாசகர்களைச் சேர்த்தது. ஜே. ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய துப்பறியும் நாவல்கள் பதிப்புமேல் பதிப்பு கண்டன.

கல்விமான்களின் கண்டனமும் உடனே எழுந்தது. நாவல் இளைஞர்களையும் பெண்களையும் கெடுக்கிறது, வீட்டு வேலையும் படிப்பும் நாசமாகின்றன, கொலையும் கள்ளக் காதலும் அச்சில் வரலாமா என்று மேடைகளிலும் இதழ்களிலும் பேசப்பட்டது. இந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறார். வெஸ்ட் ஹாமில் ஏழைச் சிறுவனைப் பற்றிக் கவலை. சென்னையில் நடுத்தர வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கவலை. புதிதாக வாசிக்கத் தொடங்கும் கூட்டம் எதுவோ, அதன் கையில் உள்ள புத்தகமே சந்தேகத்துக்கு ஆளாகிறது. கண்டனத்தை மீறி அந்த நாவல்கள்தான் தமிழில் பெரிய அளவில் உரைநடை வாசகர்களை உருவாக்கின.

1955: சட்டம் வந்தது

வெஸ்ட் ஹாம் ஜூரி கேட்ட வகைச் சட்டம் அறுபது ஆண்டுகள் கழித்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்கள் மூலமும் பிறகு மறுபதிப்புகள் மூலமும் திகில் காமிக்ஸ்கள் பிரிட்டனில் பரவின. ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் திருச்சபைகளும் எதிர்த்தார்கள். 1954 செப்டம்பரில் கிளாஸ்கோவின் கோர்பல்ஸ் பகுதியில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் கல்லறைத் தோட்டத்தில் கூடி, இரும்புப் பல் கொண்ட ரத்தக்காட்டேரியைத் தேடினார்கள். பழி காமிக்ஸ் மீது விழுந்தது. பின்னர் ஆராய்ந்தவர்களுக்கு அப்படி ஒரு காமிக்ஸ் கிடைக்கவில்லை. இரும்புப் பல் கொண்ட மிருகம் விவிலியத்தின் தானியேல் ஆகமத்தில் இருக்கிறது. இரும்புப் பல் கிழவியைப் பற்றிய ஸ்காட்லாந்துப் பாட்டு ஒன்றும் உண்டு.

1955-ஆம் ஆண்டுச் சட்டம், குற்றத்தையும் கொடுமையையும் அருவருப்பையும் குழந்தைகளைக் கெடுக்கும் விதத்தில் காட்டும் படக்கதைகளை விற்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. வழக்குத் தொடர அரசின் தலைமை வழக்கறிஞர் அனுமதி வேண்டும். தண்டனை அன்று அதிகபட்சம் நான்கு மாதச் சிறை அல்லது 100 பவுண்டு அபராதம் அல்லது இரண்டும். வழக்குகள் மிக அரிதாகவே தொடரப்பட்டன. எழுத்தில் மட்டும் அமைந்த கதைகளை அது தொடவில்லை. 1976-இல் 'ஆக்‌ஷன்' என்ற சிறுவர் காமிக்ஸ் வன்முறைக்காகக் கண்டிக்கப்பட்டபோது, சட்டம் தலையிடும் முன்பே பதிப்பாளர் அதை நிறுத்திக்கொண்டார்.

இன்றைய இளையோர் நாவல்

இன்று வாதம் பதின்பருவத்தாருக்கான நாவல்களைப் பற்றியது. ஹெராயின் பழக்கத்தில் சிக்கும் இளையோரைப் பற்றி மெல்வின் பர்ஜஸ் எழுதிய 'ஜங்க்' சிறுவர் இலக்கியத்துக்கு வழங்கப்படும் கார்னகி பதக்கத்தை 1996-ஆம் ஆண்டுக்காகப் பெற்றபோது எதிர்ப்பு எழுந்தது. 2014-இல் அதே பதக்கம் கெவின் புரூக்ஸின் 'தி பங்கர் டயரி' நாவலுக்குப் போனது. கடத்தப்பட்டு நிலவறையில் அடைக்கப்பட்ட பதினாறு வயதுச் சிறுவனின் குறிப்பேடு அது. முடிவில் மீட்பு இல்லை; அதனாலேயே பதிப்பாளர்கள் பல ஆண்டுகள் தயங்கினார்கள். இவ்வளவு நம்பிக்கையற்ற நூலுக்குப் பரிசா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். இளம் வாசகர்களுக்கு ஆறுதலான முடிவு எப்போதும் தேவையில்லை, வாழ்க்கையை உள்ளபடி காட்டலாம் என்பது புரூக்ஸின் பதில். பரிசைத் தேர்ந்தெடுப்பவர்கள் நூலகர்கள். பள்ளிகளில் மாணவர் குழுக்களும் இறுதிப் பட்டியல் நூல்களைப் படித்துத் தங்கள் கருத்தைச் சொல்கின்றன. 1895-இல் இல்லாத வழக்கம் இது.

நியூஹாமுக்கும் இந்த வகையில் சொந்த எழுத்து உண்டு. நெடுங்காலம் இப்பகுதியில் வாழ்ந்த கவிஞர் பெஞ்சமின் செஃபனையா 1999-இல் எழுதிய 'ஃபேஸ்' நாவலில், கார் விபத்தில் முகம் கருகிய கிழக்கு லண்டன் சிறுவன் வருகிறான். 2001-இல் வந்த 'ரெஃப்யூஜி பாய்' நாவலில், எத்தியோப்பிய, எரித்ரியப் பெற்றோருக்குப் பிறந்த அலெம், ஃபாரஸ்ட் கேட்டை அடுத்த மேனர் பார்க்கில் ஒரு குடும்பத்தில் தங்குகிறான். தாய் போரில் கொல்லப்படுகிறார்; தந்தை லண்டனிலேயே கொல்லப்படுகிறார். பிரிட்டன் பள்ளிகள் பலவற்றில் இந்த நாவல் வகுப்பில் படிக்கப்படுகிறது. போரிலிருந்து தப்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையில் இந்த இருட்டு புதிதாக நுழைவதில்லை. ஏற்கெனவே வீட்டில் இருப்பதைப் பேச வழி கிடைக்கிறது. இலங்கைப் போரின் நினைவோடு இங்கு குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வரலாறு தரும் தீர்ப்பு

இருநூறு ஆண்டுச் சான்றுகளைக் கூட்டிப் பார்த்தால் சில முடிவுகள் உறுதியாகின்றன. கதை ஒன்றைப் படித்ததால் மட்டும் ஒருவன் கொலைகாரன் ஆனான் என்று 1840-இலும் 1895-இலும் சொன்னார்கள், எதுவும் நிரூபணமாகவில்லை. ராபர்ட் கூம்ஸ் வழக்கில் நோயும் அடியும் நிறைந்த, தந்தை பெரும்பாலும் கடலில் இருந்த வீட்டை யாரும் முன்கூட்டிக் கவனிக்கவில்லை. அங்கே கிடந்த கதைத்தாளைப் பிறகு எல்லோரும் கவனித்தார்கள். அதே நேரம், கொடியவனை வீரனாக்கும் கதையைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவதும் வீண் அல்ல. டர்பினின் உண்மைக் கதையைத் தெரிந்த ஒரு பெரியவர் அருகில் இருந்திருந்தால், 'பிளாக் பெஸ்' படித்த சிறுவனுக்கு அது நல்ல பாடமாகவே முடிந்திருக்கும்.

பறித்து எறிந்த புத்தகத்தைப் பிள்ளைகள் வேறு எங்காவது தேடிப் படிப்பார்கள். அப்போது அதைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. ஆகவே ஃபாரஸ்ட் கேட்டிலும் ஈஸ்ட் ஹாமிலும், சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும், பிள்ளையின் கையில் இருண்ட கதை ஒன்றைக் காணும் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, அந்தப் புத்தகத்தைத் தாங்களும் முழுதாகப் படிப்பது; பிறகு பிள்ளையோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவது.